கோட்டின் உள்பக்கம்

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? கடையில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொன்னாரே, கேட்கிறாளா? இல்லை, இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை மிரட்டுகிறாளா?

போனில் பேசினால் நடுவில் நாலு வாடிக்கையாளர் வந்துவிடுகிறார்கள். உங்கள் கடைத் தார்ப்பாய் அளவுகள் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டன. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போர் வரலாறு நடத்த வேண்டும். பாடப்புத்தகத்தில் தேதியும் தளபதி பெயரும் தவிர ஒன்றுமில்லை. இந்த வருடம் வேறு மாதிரி செய்யப் போகிறேன். அந்தக் காலத்து அறிக்கை, சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதம், வரைபடம், அவர்கள் பயன்படுத்திய பொருள் எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, 'இது என்ன சொல்கிறது? உனக்கு எப்படித் தெரியும்?' என்று மட்டும் கேட்பேன். இவற்றை முதன்மைச் சான்று என்போம். தலைமையாசிரியருக்கு அரை மனம்தான். "அக்டோபர்ல ஒரு கண்காட்சி வைங்க. பெத்தவங்க வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னா தொடரலாம். இல்லன்னா பழையபடி புத்தகம்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அப்பாவின் பட்டாளத்துக் கோட்டு வேண்டும். முன்வரிசைக்குச் சாப்பாடு தூக்கிக்கொண்டு போகும்போது குண்டு துளைத்த அதே கோட்டு. பட்டாளத்துச் சமையல்காரர் உயிர் தப்பிய கதையைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படிக்கட்டும். இருப்பதை இருந்தபடியே அனுப்புங்கள்.

அன்புத் தங்கை


ஜூன் 21

வாத்தியாரம்மாவுக்கு அண்ணன் எழுதுவது.

எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது, வாய் முன்னைவிட நன்றாக இருக்கிறது. நேற்று ஒருவர் பயணப்பை வாங்க வந்தார். "இந்த ஜிப்பு தாங்குமா?" என்று கேட்டதற்கு, "உங்க வாயை விட நல்லா மூடும்" என்கிறாள். மனிதர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். நான் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். போர் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தான், யார் தோற்றான் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதை விட்டுவிட்டு, பழைய துணியைக் கொண்டா, பழைய காகிதத்தைக் கொண்டா என்கிறாய். நான் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பு விற்றவன். என் கணக்கு வாத்தியார் கூட்டல் சொல்லிக்கொடுக்க ஆதிமனிதனின் விரலைக் கொண்டுவரவில்லை. எனக்குக் கூட்டல் வந்துவிட்டது.

சரி, கேட்டுவிட்டாய். கோட்டு கடை மச்சில் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அதை எதுக்குடா கேக்குறா? பள்ளிக்கூடத்துல அவ்வளவு குளிரா?" என்றாள். ராத்திரி சாப்பிடும்போது, "அனுப்பித்தான் ஆகணுமா?" என்று மறுபடி கேட்டாள்.

வேலை கொஞ்சம் தணியட்டும், அனுப்புகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஜூலை 14

தங்கச்சிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். கோட்டு பார்சலில் வருகிறது. பிரித்துப் பார்த்து மயங்கி விழுந்துவிடாதே.

பெட்டியிலிருந்து எடுத்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. பூச்சி உருண்டை நாற்றம், உடைந்த பொத்தான், வலது தோளில் கம்பளி தேய்ந்து நூல் நூலாகத் தெரிகிறது. விலாப்பக்கம் அந்த ஓட்டை வேறு. இதையா பிள்ளைகள் முன்னால் விரிப்பது? நம் அப்பா என்ன, பிச்சைக்காரரா?

சலவைக்குப் போட்டு வாங்கினேன். ஆறு பொத்தானும் புதிது. நம் கடையில் பை தைக்கும் தையல்காரரிடம் கொடுத்து, தோளுக்கு மேலாக ஒரு துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். ஓட்டைக்கும் அதே நிறத்தில் கம்பளித் துண்டு தேடி ஒட்டுப் போட்டாயிற்று. நீயே சொன்னால்தான் அங்கே ஓட்டை இருந்தது என்று தெரியும். சுலபமான வேலை இல்லை. "ஏன் முதலாளி, இது யார் கல்யாணத்துக்கு?" என்று தையல்காரர் கேட்டார்.

இனி தைரியமாகக் கண்காட்சியில் மாட்டு.

அண்ணன்


ஜூலை 22

அண்ணனுக்கு,

நலம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இப்போது நலமாக இல்லை.

அண்ணா, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள்? இருந்தபடியே அனுப்புங்கள் என்று எழுதினேனே! எழுத்து தெரியவில்லையா, இல்லை எழுதியது நான் என்பதால் படிக்கவில்லையா?

போன வாரம்தான் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் நடந்த ஒரே சண்டையைப் பற்றி இரண்டு காகிதம் கொடுத்தேன். ஒன்று தளபதியின் அறிக்கை, 'திட்டமிட்டபடி ஒழுங்காகப் பின்வாங்கினோம்.' இன்னொன்று ஒரு சிப்பாய் தன் தம்பிக்கு எழுதியது, 'செருப்பைக் கூட எடுக்காமல் ஓடினோம்.' வகுப்பே சிரித்தது. எந்தச் சான்றையும் பார்த்தவுடன், 'இது இப்படித் தெரிய வேண்டும் என்று யாருக்கு ஆசை?' என்று கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். 'குண்டு துளைத்த ஒரு கோட்டு வருகிறது, காத்திருங்கள்' என்றும் சொல்லி வைத்திருந்தேன்.

பார்சலைப் பிரித்தார்கள். வாசனைத் தூள் மணக்கும், இஸ்திரி போட்ட, புதுப் பொத்தான் வைத்த கோட்டு! எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் எல்லோரும் அவளை வக்கீல் என்போம். "டீச்சர், போர் எந்த வருஷம்? போன மாசமா?" என்கிறாள்.

நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தங்கை


ஜூலை 31

வாத்தியாரம்மா,

அம்மா சுகம், அண்ணி சுகம், நான் உன் கடிதத்தைப் படிக்கும்வரை சுகம்.

நன்றி சொல்வாய் என்று பார்த்தால் ஏசுகிறாய். என் கடையிலிருந்து ஓட்டையோடு ஒரு சரக்கு இதுவரை வெளியே போனதில்லை. கிழிந்த தார்ப்பாய் கூட ஒட்டுப் போட்டுத்தான் போகும். அது என் தொழில். நீ பொருளைக் கேட்டாய், நான் பொருளாகக் கொடுத்தேன். நாசத்தைக் கேட்டிருந்தால் அப்படியே கொடுத்திருப்பேன்.

ஓட்டை இருந்தது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டீச்சர் சொன்னால் பிள்ளைகள் நம்பாதா? நம்பாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன பாடம் நடத்துகிறாய்? குண்டு பாய்ந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டுப் போ.

அந்தத் தளபதியை எனக்குப் பிடித்திருக்கிறது. வியாபாரம் தெரிந்த ஆள்.

கோபம் ஆறியதும் எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? எனக்குக் கோபம் ஆறிவிட்டது. இப்போது வேறொன்று வந்திருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

'சரி, கிடைத்ததைப் படிப்போம்' என்று கோட்டை மேசையில் விரித்தோம். பழைய துணி எது, புதுத் துணி எது என்று பிள்ளைகள் பிரித்து எழுதினார்கள். உங்கள் தையல்காரரின் நூல் பளபளக்கிறது, சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு வக்கீல் கோட்டை உள்பக்கமாகப் புரட்டினாள். மேல்துணியில்தான் ஒட்டுப் போட்டிருக்கிறீர்கள். உள்துணியை யாரும் தொடவில்லை.

ஒட்டுக்கு நேர் பின்னால் உள்துணி பழுப்பாகக் கருகியிருக்கிறது. ஓட்டை இல்லை.

"டீச்சர், குண்டுன்னா ரெண்டு துணியிலயும் ஓட்டை விழணுமே? இது சுட்ட மாதிரில்ல இருக்கு" என்றாள். அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு ஒரு கம்பளித் துண்டின் மேல் கங்கு வைத்துப் பார்த்தார்கள். அதே பழுப்பு.

நாம் சின்ன வயதில் அம்மா அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்போம், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் விரல் உள்ளே துணியில் முட்டும். நான் வரலாறு படிக்கப் போனதே அந்த ஓட்டையால்தான். ஒருநாள் கூட, விரல் ஏன் முட்டுகிறது என்று யோசித்ததில்லை.

தலைமையாசிரியர் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அதில் 'குண்டு துளைத்த கோட்டு' என்று இருக்கிறது. கோட்டுக்குக் கீழே வைக்கும் அட்டையில் என்ன எழுதுவது என்று பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள்.

அண்ணா, ஒட்டுப் போடக் கொடுத்தபோது நீங்கள் உள்பக்கம் பார்த்தீர்களா?

தங்கை


செப்டம்பர் 2

தங்கச்சிக்கு,

சுகம். மழைக்காலம் தொடங்கிவிட்டது, தார்ப்பாய் வியாபாரத்தில் நிற்க நேரமில்லை. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. அம்மாவுக்கு ஜலதோஷம் வந்து போனது. அண்ணி மச்சைச் சுத்தம் பண்ணச் சொல்லி உயிரை எடுக்கிறாள்.

உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கித்தான் பை கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். நல்ல பை, இரட்டைத் தையல், புத்தகம் நனையாது. கண்காட்சியில் எல்லோரும் ஒரே மாதிரி மாட்டிக்கொண்டு நின்றால் பார்க்க நன்றாக இருக்கும்.

கோட்டைத் திருப்பி அனுப்பிவிடு.

அண்ணன்


செப்டம்பர் 8

அண்ணனுக்கு,

பை வந்தது. நன்றி. நலம் விசாரிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதிலுக்கு மழை, ஜலதோஷம், மச்சு, இரட்டைத் தையல். கோட்டு திரும்பி வராது.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் கோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, 'இன்று வரைபடம் படிப்போம்' என்றேன். யாரும் வரைபடத்தைப் பிரிக்கவில்லை. கடைசியில் வக்கீல் எழுந்து, "உங்க அப்பாங்கிறதால நிறுத்திட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். திமிராகக் கேட்கவில்லை. பாவமே என்பது போலக் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

அட்டையில் குண்டு என்று எழுதினால் இந்த மூன்று மாதமாக நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய். நெருப்பு என்று எழுதினால் அழைப்பிதழ் பொய், தலைமையாசிரியர் மானம் போய்விடும், வகுப்பும் போய்விடும். அதைக்கூடச் சமாளிப்பேன். அம்மாவின் காதுக்கு இது எப்படிப் போகும் என்று நினைத்தால்தான் கை ஓடவில்லை.

உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஒட்டுப் போட்டீர்கள். இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள், நம்பிவிடுகிறேன்.

தங்கை


செப்டம்பர் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் நலம். ஒருவர் தலையில் ஒருவர் அடித்துக்கொண்டு நலம்.

இல்லை என்று எழுத முடியாது. தார்ப்பாய் வியாபாரத்துக்கு வந்த புதிதில், லாரிக்காரர்கள் கிழிந்ததும் பீடிக் கங்கில் சுட்டதுமாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கொஞ்ச நாளிலேயே நெருப்புப் பட்ட ஓரம் எப்படி இருக்கும் என்று பழகிவிட்டது. அந்த வருடம் பெட்டியைத் திறந்து பார்த்தேன், மூடி வைத்துவிட்டேன். அம்மா அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் என்ன செய்வது? நீயும் கோட்டைக் கேட்டாய். ஓட்டையை மூடிவிட்டால் யாரும் நோண்டமாட்டார்கள் என்று நினைத்தேன். வாங்குகிறவன் வெளிப்பக்கம்தான் பார்ப்பான், உள்பக்கம் பார்க்கமாட்டான். இத்தனை வருட வியாபாரத்தில் உன் வக்கீலைப் போல ஒரு வாடிக்கையாளர் எனக்கு வந்ததில்லை. வரவும் வேண்டாம்.

இப்போது கேள். தபால்காரர் உன் கடிதத்தைக் கல்லாவில் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் உன் அண்ணியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். நான் கிடங்கிலிருந்து வருகிறேன், கடையில் ஆள் இருக்கும்போதே ஆரம்பித்தாள்.

"ஏன்டா, உனக்கு எப்போ தெரியும்?"

"என்னது?"

"நடிக்காத. கோட்டு."

"ரொம்ப வருஷமா தெரியும்மா."

"அப்புறம் எதுக்கு வாய மூடிட்டு இருந்த?"

"நீ நம்பிட்டு இருக்கியேன்னுதான்."

"நானா? அந்தக் கதையைக் கட்டிவிட்டதே நான்தாண்டா!"

கடைக்கு வந்தவர் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அப்பா அடுப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்தபடியே தூங்கிவிட்டாராம், கங்கு தெறித்துவிட்டதாம். கல்யாணமான புதிதிலேயே அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். தெருப் பையன்கள் என்னைக் 'கரண்டிச் சிப்பாய் மவன்' என்று கூப்பிட்டதும், நான் சண்டை போட்டு உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்ததும் உனக்குத் தெரியாது, நீ கைக்குழந்தை. அன்றைக்குத்தான் அம்மா கோட்டை எடுத்துக் காட்டி, "போய்ச் சொல்லு, இது குண்டு போன ஓட்டை" என்றாள். நான் தெருவுக்கு ஓடியதும், பக்கத்தில் இருந்த அப்பா வாயைத் திறந்தாராம். "அந்தக் குண்டு எங்கிருந்து வந்துச்சு, அவங்க பக்கமிருந்தா, நம்ம பக்கமிருந்தா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாராம். நான் நம்பினேன். பிறகு உனக்கு நான்தான் சொன்னேன். நீ ஊருக்கே பாடம் எடுக்கிறாய். இத்தனை வருடம் நான் அவளுக்காக மறைத்தேன், அவள் நமக்காக மறைத்தாள். இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி வியாபாரம் செய்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

"அப்போ முன்வரிசைக்குச் சாப்பாடு தூக்கிட்டுப் போனதும் பொய்யாம்மா?" என்று கேட்டேன். ஒரு முறை முறைத்தாள் பார். "அது நெஜம்டா. கம்புல ரெண்டு பக்கமும் டப்பாவைக் கட்டி, வலது தோள்ல வெச்சு, தெனமும் போனாரு. அவரோட போன ரெண்டு பேர் திரும்பி வரல. அதுல கோட்டுல ஓட்டை விழல, அதனால ஒருத்தரும் கேக்கல."

தங்கச்சி, வலது தோள். அங்கேதானே கம்பளி தேய்ந்து நூலாகத் தெரிந்தது. அதையும் சேர்த்து மூடிவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

அண்ணன்


அக்டோபர் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டதாகச் சொல்லுங்கள். பிறகு, உன்னை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதாகவும் சொல்லுங்கள்.

திட்டவில்லை. முதல் முறை படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டாம் முறை படித்தபோது கயிறு வாங்க வந்தவரை நினைத்துச் சிரித்துவிட்டேன். மறுநாள் உங்கள் கடிதத்தை வகுப்பில் முழுவதும் வாசித்தேன்.

கை தட்டுவார்கள் என்று நினைத்தீர்களா? வக்கீல் எழுந்தாள். "தோள் தேஞ்சிருந்துச்சுன்னு சொல்றது உங்க அண்ணன் மட்டும்தான். அவர் ஏற்கெனவே ஒரு தடவை மறைச்சவர். அவர் சொல்றதை எப்படி டீச்சர் எடுத்துக்கிறது?"

அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். நான் சொல்லிக்கொடுத்த கேள்விதானே.

தலைமையாசிரியரிடம் போய் அழைப்பிதழ் தவறு என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். "அச்சடிச்சாச்சு டீச்சர்! ஓட்டை விழுந்த கோட்டுன்னாவது எழுதிடுங்களேன், எதுல விழுந்துச்சுன்னு யார் கேக்கப் போறாங்க?" என்றார். "நம்ம பிள்ளைங்க கேக்குறாங்க சார்" என்றேன். எரிச்சலோடு வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் கோட்டை அவர் கையில் கொடுத்தார்கள். புரட்டிப் பார்த்தார், கருகலைத் தடவினார், மறுபடி புரட்டினார். மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. போகும்போது, "அழைப்பிதழ்ல திருத்தத்தை ஒரு துண்டுச் சீட்டா அடிச்சு ஒட்டச் சொல்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அட்டை பிள்ளைகள் எழுதியது. அப்படியே தருகிறேன்: 'பட்டாளத்துச் சமையல்காரரின் கோட்டு. விலாப்பக்க ஓட்டை நெருப்பால் விழுந்தது. சான்று: உள்துணி. இதன் மேல் உள்ள ஒட்டு இந்த வருடம் மகன் போட்டது. தினமும் முன்வரிசைக்குச் சாப்பாடு சுமந்தார் என்று மனைவி சொல்கிறார். தோளின் நிலை: இன்னும் தெரியவில்லை.'

விலாவிலுள்ள ஒட்டைப் பிரிக்க வேண்டாம் என்கிறார்கள், அதுவும் இப்போது சான்றாம். ஏன் போட்டார் என்று உங்களையே எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். கடிதத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஜாக்கிரதையாக எழுதுங்கள்.

தங்கை


அக்டோபர் 9

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா? பை நனைகிறதா? நனைந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

உங்கள் டீச்சரின் அண்ணன் எழுதுகிறேன். ஏன் ஒட்டுப் போட்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் போட்டேன் என்று உங்கள் டீச்சருக்கு முதலில் எழுதினேன். அது தளபதியின் அறிக்கை. நிஜம் என்னவென்றால், என் அப்பாவைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று போட்டேன். அவர் சிரிக்கும்படியாக ஒன்றும் செய்யவில்லை, குளிரில் தூங்கினார். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

தோள் விஷயம். வக்கீலம்மா சொல்வது சரி. நான் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தையல்காரரிடம் மறுபடி விசாரித்தேன். தேய்ந்த துணியை அவர் வெட்டவில்லையாம். "வெட்டினா கோட்டே பிஞ்சிடும் முதலாளி, மேலாலதான் வெச்சேன்" என்கிறார். அப்படியானால் அடியில் அப்படியே இருக்க வேண்டும். அவர் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் நானும் என் அம்மாவும் வருகிறோம். அம்மாவுக்கு உட்கார முதுகு சாய்க்கும் நாற்காலி ஒன்று போட்டு வையுங்கள். கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அவள் உங்களை விடப் பெரிய வக்கீல். நான் தையல் பிரிக்கும் சின்னக் கத்தி கொண்டுவருவேன். ஆனால் பிரிப்பது நான் இல்லை. நீங்கள் பிரியுங்கள், நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கிறேன்.

அடியில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். என் அம்மா ஏசுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளிடம் நாற்பது வருடம் வாங்கிப் பழகியவன்.

எதற்கும், உள்பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுப் போட்டவன்